முதுகு விட்ட கோப்புகள்

திருநாராயணன் உட்காருவதற்கு முன்பே, கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்ததை மேசைமேல் உதறினார். ஒரு கோப்பு விழுந்தது. கோப்பு என்று சொல்வது மரியாதைக்கு. முன்னட்டை ஒரு பக்கம், பின்னட்டை ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டிய துணி முதுகு தனியாகச் சுருண்டு கிடந்தது.

"என் கம்பெனி சரக்கு," என்றார். "மண்டி மொஹல்லாவில் கல்யாணி பைல் ஒர்க்ஸ்னா நல்ல பேர். இப்போ எல்லாரும் சிரிக்கறா."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டானிஸ்லாஸ் கோப்பைத் தொடாமல் பார்த்தார். தீப்பிடித்த கிடங்கையும் நனைந்த சரக்கையும் பார்த்து, எது விபத்து, எது மனிதன் செய்த வேலை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்வது அவர் தொழில். அந்தப் பழக்கத்தில் மைசூர்க்காரர்கள் மற்றக் குழப்பங்களையும் அவரிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவசரப்படுவதற்கு மாதேவி இருந்தாள். கொள்ளேகால்காரி, பி.எஸ்ஸி. படித்தவள். அவள் தெருவில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். தட்டச்சு செய்யத்தான் அவளை வேலைக்கு வைத்தது. அவள் எல்லாவற்றையும் செய்தாள்.

"எல்லாக் கோப்புமே இப்படியா?" என்று ஸ்டானிஸ்லாஸ் கேட்டார்.

"அதுதானே புரியலை. நவம்பர்ல புது ராஜ்யம் ஆச்சோல்லியோ, ஒரு சர்க்கார் ஆபீஸ் வண்டி வண்டியா பைல் கேட்டா. கொடுத்தேன். ஒரு மாசம் ஆகலை, இப்படி. ஒரே கட்டுல மேல் பைல் இரும்பு மாதிரி இருக்கு, அடி பைல் அப்பளமா உதிர்றது. கரப்பான் வேற அரிச்சிருக்கு. கொள்ளேகால்காரன் நிலப் பத்திரம் சாமராஜநகர்காரன் பென்ஷன் மனுவுக்குள்ள கிடக்காம்."

"எங்கூர்ப் பத்திரமுங்களா?" என்றாள் மாதேவி. "நேத்து வரைக்கும் மெட்ராஸ்னு இருந்தோம். இன்னைக்கு மைசூருங்கறாங்க. இப்ப நிலமும் யாருதுன்னு தெரியாம போச்சா?"

திருநாராயணன் ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். பெண்பிள்ளை கேட்ட கேள்விக்கு ஆணைப் பார்த்துப் பதில் சொல்கிற ஜாதி அவர். "யார் பண்ணினான்னு எனக்குத் தெரியும். ரோசலின்னு ஒருத்தி, பசை காய்ச்சறவ. வஜ்ஜிரம்னு பசைக்கட்டி வெக்கற அலமாரிச் சாவி அவகிட்டதான். கட்டி கட்டியா வஜ்ஜிரம் தீர்ந்துண்டே வர்றது, பைல்ல இல்லை. வித்துட்டுத் தண்ணியைக் காய்ச்சி ஊத்தறா. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் போலீஸ்ல கொடுக்கப்போறேன்."

"அப்படியானால் என்னிடம் எதற்கு வந்தீர்கள்?"

"எப்படி வெளியே எடுத்துண்டு போறாள்னு போலீஸ்காரன் கேப்பானே. எங்க கேட்ல சோதனை உண்டு. வெறுங்கையோடதான் போறா. அதை மட்டும் நீங்க சொல்லிட்டா போதும்."

ஸ்டானிஸ்லாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கல்யாணி பைல் ஒர்க்ஸ் ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, இரண்டு அட்டைகளை இடைவெளி விட்டு வைத்து, பசை தடவிய துணிப் பட்டையை நடுவில் போட்டு எலும்புத் தகட்டால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டியதை அழுத்துவதற்குப் பெரிய இரும்பு அழுத்தி ஒன்று மூலையில் நின்றது. வேலை எங்கே நடந்தாலும் கோப்புகள் கடைசியில் அந்த அழுத்திக்குத்தான் வரும், அங்கேதான் கலந்து கட்டுப்போடுவார்கள் என்று மேஸ்திரி கேசவமூர்த்தி சொன்னார்.

"வேலை எங்கே நடந்தாலும் என்றால்?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"இங்கே பாதி. மீதி அக்ரஹாரத்துல மூணு வீட்டுக்கு அனுப்பறோம். நம்மவா, முதலாளி ஜாதிதான். கஷ்டப்படற பொம்மனாட்டிகள், கொட்டகைக்கு வரமாட்டா. நான்தான் அட்டையும் துணியும் பசைப் பானையும் தள்ளுவண்டியில கொண்டுபோய்க் கொடுத்து, சாயந்தரம் வாங்கிண்டு வர்றது."

மாதேவி ஸ்டானிஸ்லாஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஓரமாகக் கூட்டிப்போனாள். "சார், இந்தாளுதானுங்க. வழியில பானையை மாத்திப்போட்டு வஜ்ஜிரத்தை வித்திருப்பாரு. வண்டிக்குக் கேட்ல சோதனை கெடையாது, பாத்தேன்."

"இருக்கலாம்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். அவர் "இருக்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அது மாதேவிக்குத் தெரியும், ஆகவே எரிச்சல் வந்தது.

காலையிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி முதலாளி திருடி என்று சொல்லிவிட்டதால், ரோசலினை வாசலில் ஒரு முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி. நாற்பது வயது இருக்கும். இரண்டு கைகளிலும் பழைய கொப்புளத் தழும்புகள். அவள் அழவில்லை.

"பசை எப்படிக் காய்ச்சுவீங்க?" என்று ஸ்டானிஸ்லாஸ் கேட்டார்.

"கட்டியை ராவெல்லாம் ஊறவெச்சு, வெந்நீர்ப் பானைக்குள்ள இன்னொரு பானை வெச்சுக் காச்சறது. நேரா நெருப்புல வெச்சா கெட்டுடும். ஆறினா இறுகிடும். அதனால சூட்டோட பிரஷ்ல தடவணும், கை வெச்சா வெந்துடும். பாருங்க." தழும்பைக் காட்டினாள்.

"அது என்னதுங்க, அந்த நாத்தம்?" என்றாள் மாதேவி.

"தோலும் எலும்பும் காச்சி எடுக்கறதும்மா. வஜ்ஜிரம்னா அதான். தச்சனுங்ககிட்ட பாத்ததில்ல?" பிறகு குரல் தாழ்ந்தது. "சார், நான் திருடல. ஒரு கட்டி எடுக்கல. எம்பொண்ணு நர்ஸ் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருக்கா. ஆத்தா போலீஸ் ஸ்டேஷன் ஏறினான்னு தெரிஞ்சா அவளைச் சேப்பாங்களா?"

"பானையெல்லாம் நீங்கதான் கழுவுவீங்களா?"

"இங்க இருக்கிறதை நான்தான் சொரண்டணும். காஞ்ச வஜ்ஜிரம் லேசுல வராது, பாதி ஒட்டிக்கிட்டே இருக்கும். அக்ரஹாரத்துப் பானைக்கு அந்த வேலை இல்ல. பளபளன்னு திரும்பி வரும். சுத்தக்காரங்க."

ஸ்டானிஸ்லாஸ் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அலுவலக அறையில், திரும்பி வந்த கட்டிலிருந்து நல்ல கோப்பு ஒன்றையும் கெட்ட கோப்பு ஒன்றையும் அருகருகே வைத்தார்கள். மாதேவி இதற்காகவே காத்திருந்தாள். கைப்பையிலிருந்து டிங்சர் அயோடின் குப்பியை எடுத்தாள்.

"மாவுப் பசைன்னா டிங்சர் பட்டதும் நீலமாகும். வஜ்ஜிரம்னா ஆகாது. எது எதுன்னு இப்பத் தெரிஞ்சுபோயிரும் பாருங்க."

கெட்ட கோப்பின் முதுகில் ஒரு சொட்டு. கருநீலம். மாதேவியின் முகம் மலர்ந்தது. நல்ல கோப்பில் ஒரு சொட்டு. அதுவும் கருநீலம். இன்னொரு நல்ல கோப்பு. கருநீலம். பக்கத்தில் கிடந்த, இன்னும் பசையே காணாத புதுத் துணியில் ஒரு சொட்டு விட்டாள். அதுவும் கருநீலமாயிற்று.

"இதென்ன கூத்து," என்றாள். "பசையே இல்லாத துணியிலயும் பசையா?"

"துணிக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

திருநாராயணன் சிரித்தார். "படிச்ச பொண்ணு." அந்தச் சிரிப்பை மாதேவி பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் இரண்டு துணிப் பட்டைகளையும் மெதுவாகத் திருப்பி, உள்பக்கம் தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நல்லதில் பழுப்பான கண்ணாடிப் படலம், அதில் பிரஷ் இழுத்த நேர்க்கோடுகள். கெட்டதில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கோடுகள் அகலமாக, வளைந்து வளைந்து ஓடின.

"இது என்ன மாதேவி?"

அவள் தன் ஆள்காட்டி விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. "வெரலுங்க சார். ஆனா வஜ்ஜிரம் சூடா இருக்குமே, கை வெந்துபோயிருமே."

"அப்போது இது தண்ணீர் கலந்த வஜ்ஜிரமும் இல்லை. அதையும் சூடாகத்தான் தடவவேண்டும். ஆறிய எதையோ விரலால் தடவியிருக்கிறார்கள்." நகத்தால் பொருக்கைக் கிளறினார். நசுங்கித் தட்டையான, வெள்ளைச் சோற்றுப் பருக்கை ஒன்று வந்தது.

திருநாராயணன் எட்டிப் பார்த்தார். "பார்த்தேளா? சோத்தைப் பிசைஞ்சு ஒட்டியிருக்கா. அவ சாப்பாட்டுத் தூக்கிலேர்ந்து எடுத்துப் பிசைஞ்சிருப்பா."

அப்போது மத்தியானச் சங்கு ஊதியது. ஸ்டானிஸ்லாஸ் கொட்டகைக்குள் நடந்தார். பெண்கள் தூக்குகளைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு வரிசையாகப் போனார். ராகிக் களி உருண்டை, கொஞ்சம் அவரைக்காய்ச் சாறு. அடுத்தவளுக்கும் களி. அதற்கடுத்தவளுக்கும். முக்காலியில் உட்கார்ந்திருந்த ரோசலின் தூக்கைத் திறக்கவேயில்லை. மாதேவி திறந்து பார்த்தாள். களி.

"அரிசிச் சோறு உண்டாம்மா?"

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு," என்றாள் ரோசலின். "அதுலயும் பிசைஞ்சு ஒட்டற அளவுக்கா மிஞ்சும்? நீங்க ஒண்ணு."

மாதேவி ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள். குழப்பம் தீரவில்லை, இன்னும் மோசமாகியிருந்தது. திருடியதாகச் சொல்லப்பட்டவள் தண்ணீர் கலக்கவில்லை. சோற்றால் ஒட்டியது யார் என்றால், கொட்டகையில் சோறே இல்லை. ஆனால் வஜ்ஜிரம் மட்டும் ஒழுங்காகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.

"நடந்து போகலாமா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

அக்ரஹாரத்து அந்தத் தெருவில் வாசல்கள் கழுவி, கோலமிட்டு, வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தன. எச்சில் இலைகூடத் தெருவில் கிடக்காத சுத்தம். ஆனாலும் ஒரு வீட்டுப் பக்கச் சாக்கடையில் ஐந்தாறு நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன.

"இந்தத் தெருவில் நாய்க்கு என்ன கிடைக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டபடி ஸ்டானிஸ்லாஸ் குனிந்தார். ஒரு குச்சியால் சாக்கடை ஓரத்தைத் தொட்டார். டிசம்பர்க் குளிரில் உறைந்து, தேன் நிறத்தில், நடுங்கிக்கொண்டு ஒரு கட்டி குச்சியோடு வந்தது. மாதேவி முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் கொட்டகையில் வந்த அதே நாற்றம்.

கதவைத் தட்டினார்கள். லக்ஷ்மம்மா திறந்தாள். ஐம்பது வயதுக்குள்தான். கணவன் போய், மூன்று பிள்ளைகளுக்குச் சமைத்து, மிச்ச நேரத்தில் கோப்பு முதுகு ஒட்டுகிறவள். கூடத்தில் அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு கிண்ணத்தில் குழைந்த பச்சரிசிச் சோறு.

ஸ்டானிஸ்லாஸ் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"முதலாளி பானையில் என்ன அனுப்புவதாகச் சொன்னார், அம்மா?" என்று கேட்டார்.

"சீமைக் கோந்து. மரத்துலேந்து எடுக்கறதுன்னார். ஆறினா இறுகிடும், உங்காத்து அடுப்புலயே சூடு பண்ணிக்கோங்கோன்னார்." அவள் குரல் தணிந்தது. "பண்ணினேன். தளிகை அடுப்புல. கோந்துன்னா இப்படி நாறுமான்னு நெனைச்சுண்டுதான் பண்ணினேன். ஒரு நாள் கதவு ரிப்பேருக்கு ஆசாரி வந்தான். 'என்னம்மா, உங்க வீட்ல வஜ்ஜிரம் காயறது'ன்னான். வஜ்ஜிரம்னா என்னடான்னு கேட்டேன். சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். அடுப்பை இடிச்சுப் புதுசா போட்டேன். வீடு பூரா சாணி போட்டு மெழுகினேன். மத்த ரெண்டு ஆத்துக்கும் போய்ச் சொன்னேன். யார்கிட்டயும் மூச்சு விடலை. எங்க அடுப்புல அது கொதிச்சுதுன்னு தெரிஞ்சா, இந்தத் தெருவுல எங்க கையால ஒரு வாய் தீர்த்தம் வாங்குவாளா? வேலையை விட்டாலோ சாப்பாடு இல்லை. அதனால வர்றதைச் சாக்கடையில கொட்டிட்டுச் சோத்தால ஒட்டினோம். தபால் உறையெல்லாம் அப்படித்தானே ஒட்டறோம்? நன்னாத்தான் ஒட்டித்து."

"முதல் நாள் நன்றாகத்தான் ஒட்டும். அப்புறம் கரப்பான் வரும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "இதற்காக ரோசலினை அஞ்சு மணிக்குப் போலீஸில் கொடுக்கப்போகிறார்கள்."

"யார் ரோசலின்?"

மாதேவிக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை நாளா உங்களுக்குப் பசை காய்ச்சி அனுப்பறவ. நீங்க சாக்கடையில கொட்டினதுக்கு அவ திருடியாம். பேருகூடத் தெரியாதுங்களா?"

 லக்ஷ்மம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வழி நெடுக மாதேவி பேசிக்கொண்டே வந்தாள். மாட்டையோ எருமையோ காய்ச்சிய பசை பட்ட வீட்டை மாட்டுச் சாணியால் கழுவுகிறார்கள், அதில் குற்றமில்லை, காய்ச்சிக் கொடுத்தவள்தான் குற்றவாளி என்று. ஸ்டானிஸ்லாஸ் மறுக்கவில்லை. "காலையில் நீ கேசவமூர்த்திமேல் சுமத்திய குற்றம் எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மணிக்குக் கொட்டகையில் எல்லோரும் வேலையை நிறுத்தி நின்றார்கள். ரோசலின் முக்காலியோடு உள்ளே வந்தாள். யாரும் சொல்லாமலே அதை எடுத்து வந்திருந்தாள். திருநாராயணன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"வஜ்ஜிரம் கேட் வழியாகத்தான் போயிற்று," என்று ஸ்டானிஸ்லாஸ் ஆரம்பித்தார். "காய்ச்சி, பானையில், தள்ளுவண்டியில், உங்கள் உத்தரவுப்படி. யாரும் திருடவில்லை. போன இடத்தில் அதைக் கொட்டிவிட்டார்கள். பளபளப்பாகத் திரும்பி வந்த பானை அதைத்தான் சொல்லிற்று. வஜ்ஜிரத்தைத் தடவி முடித்த பானை அப்படி வராது என்று ரோசலின் கழுவிய பானைகளைப் பார்த்தாலே தெரியும். கோப்பில் விரல் கோடு, பச்சரிசிப் பருக்கை. களி சாப்பிடுகிற இந்தக் கொட்டகையில் அது கிடைக்காது. தெருச் சாக்கடையில் மிச்சமும் கிடைத்தது."

திருநாராயணனின் முகம் வெளுத்தது. "உள்ளே போய்ப் பேசலாம்," என்றார். "இங்கே வேண்டாம். அவ இருக்கட்டும், கம்ப்ளெய்ன்ட் வேண்டாம். விட்டுடலாம்."

"விட்டுடலாம்னா எப்படிங்க?" இது ரோசலின். "காலையில இங்கதான நின்னு சொன்னீங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. இப்ப உள்ள போய்ப் பேசினா, திருடினவளை மன்னிச்சு விட்டுட்டாருன்னுதான ஊரு பேசும்? எம்பொண்ணுக்கு அது போதுமா?"

"அவர்கள் ஏன் கொட்டினார்கள் என்று முதலாளிக்கு இப்போது புரிந்திருக்கும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ் அதே குரலில். "அது மரக் கோந்து என்று அவர்களிடம் சொன்னது அவர்தான். என்னவென்று தெரிந்தே சொன்னார். காலையில் கோப்பைக் கைக்குட்டையில் சுற்றித்தான் கொண்டுவந்தார். உதறினாரே தவிர, முதுகில் விரல் படவில்லை. தன் கம்பெனிச் சரக்கைத் தொடாத முதலாளியை நான் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன்."

"யார் வீட்ல கொட்டினா? பேரைச் சொல்லுங்கோ," என்றார் திருநாராயணன். சொல்லமாட்டார்கள் என்ற தைரியம் அதில் இருந்தது.

"நான்தான் கொட்டினேன்."

கொட்டகை வாசலில் லக்ஷ்மம்மா நின்றாள். அந்த வாசல்வரை அவள் வந்தது அதுவே முதல் தடவை. புடவைத் தலைப்பை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். "மரத்துலேந்து வர்றதுன்னு என் அடுப்புல ஏத்தச் சொன்னேளே, திருநாராயணன். உங்காத்து அடுப்புல ஏத்தினேளா? பயத்துல வாயை மூடிண்டேன், அது என் தப்பு. அதுக்காக இவ ஜெயிலுக்குப் போவாளா?" பிறகு ரோசலின் பக்கம் திரும்பினாள். யார் ரோசலின் என்று, முக்காலியோடு தனியாக நின்றதை வைத்துக் கண்டுகொண்டிருக்கவேண்டும். "உன் பேர் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்மா."

ரோசலின் அவளைப் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சோத்துல ஒட்டினா நிக்காதும்மா," என்றாள். "மைதாவுல, கரப்பான் அண்டாம மயில்துத்தம் போட்டுக் காச்சித் தரேன், லேபிள் ஒட்டற வேலைய நீங்க பண்ணுங்க. முதுகு வேலை இங்கயே இருக்கட்டும். மயில்துத்தம் விஷம், பிள்ளைங்க வாயில வெக்காம பாத்துக்குங்க."

எல்லோரும் திருநாராயணனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். "ரோசலின் திருடலை," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் பசையைப் பத்திப் பொய் சொன்னேன்."

"கேளிஸ்லில்ல ஸ்வாமி," என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கன்னடத்தில் சொன்னாள். கேட்கவில்லையாம். சில பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் தலையை நிமிர்த்தி, காலையில் சொன்ன அதே சத்தத்தில் மறுபடியும் சொன்னார். மாதேவி அவருடைய காலைச் சிரிப்பை நினைத்துக்கொண்டாள். திருப்திப்படலாம் என்று நினைத்தாள், திருப்தி முழுவதும் வரவில்லை.

ரோசலின் இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை அவிழ்த்தாள். அலமாரியைத் திறந்து, தேன் நிறத்தில் ஒரு வஜ்ஜிரக் கட்டியை எடுத்துக்கொண்டு திருநாராயணன் எதிரே வந்தாள்.

"சாவி இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். தினம் சாயந்தரம் ஊறப்போட நீங்களே எடுத்துக் கொடுங்க. கொறஞ்சா யாரைக் கேக்கறதுன்னு அப்பக் கொழப்பம் வராது."

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் சாவியை முதலில் வைக்கவில்லை. கட்டியை வைத்தாள். அது அவர் உள்ளங்கையில் ஒட்டாமல் குளிர்ந்து கிடந்தது. கைக்குட்டை சட்டைப்பையில்தான் இருந்தது. கொட்டகை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரல்களை மூடினார்.

அதற்கு அப்புறம்தான் அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, அணைந்துபோயிருந்த அடுப்பைப் பார்க்கப் போனாள்.